வாய்ப்பேச்சு அவதூறுக்கு வழக்கு போட முடியுமா? தங்கைக்காகக் கேட்ட ஒருவருக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பேச்சு ஏறக்குறைய முடிந்த நேரத்தில், பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் உங்கள் தங்கை வேலை பார்த்த ஊரில் யாரோ ஒருவரோடு குடும்பம் நடத்திவிட்டு வந்தவள் என்று நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறார். அதை இன்னொருவர் குரல் பதிவாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். ஸ்டேஷனில் "இது எங்கள் வேலை இல்லை, கோர்ட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாத வெறும் பேச்சுக்கு வழக்கு உண்டா என்பது உங்கள் முதல் கேள்வி. அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஊர் நம்பிவிட்டது, இனி என்ன செய்ய?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவதற்குச் சட்டம் பாதி தூரம்தான் வரும். தென் மாவட்டம் ஒன்றில் குற்றவியல் நடுவர் கோர்ட்டிலும் முன்சீப் கோர்ட்டிலும் பல வருடங்களாக வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வழக்கு போட முடியும். இதில் சந்தேகமே வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றம் என்கிறது. அதற்கு முன் இதே விஷயம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. வாயால் சொன்னாலும், எழுதினாலும், சைகையால் காட்டினாலும் அந்தப் பிரிவில் வித்தியாசம் இல்லை. தண்டனை இரண்டு ஆண்டு வரை சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவை செய்ய உத்தரவிடும் வழியும் சேர்ந்திருக்கிறது. பெயரைச் சொல்லித்தான் பேசியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. "அந்த மூலை வீட்டுப் பொண்ணு" என்று சொன்னாலே கேட்டவருக்கு ஆள் யாரென்று புரிந்திருந்தால் போதும். மானம் போக வேண்டும் என்ற நோக்கத்தோடு சொன்னார் என்று நிரூபிப்பதும் கட்டாயம் இல்லை. இப்படிச் சொன்னால் அவளுடைய பெயர் கெடும் என்று தெரிந்தே சொன்னாலும், அப்படி நம்பக் காரணம் இருந்தும் சொன்னாலும் குற்றம்தான். கல்யாணம் ஆகாத பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசிவிட்டு, "அவள் பெயர் கெடும் என்று எனக்குத் தெரியாது" என்று நம் ஊரில் யாரும் சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் இந்தக் குற்றத்தில் ஒரு விசேஷம் உண்டு. அந்த அம்மா உங்கள் தங்கையின் முகத்துக்கு நேரே, தனியாக, என்ன சொல்லியிருந்தாலும் அது அவதூறு ஆகாது. மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்தான் இந்த வழக்கின் உயிர். சாட்சியச் சட்டப்படி, காதால் கேட்ட விஷயத்தைக் கேட்டவரே வந்துதான் சொல்ல வேண்டும். "அவங்க சொன்னதா எங்க சித்தி சொன்னாங்க" என்பது கோர்ட்டில் நிற்காது. சித்தியே கூண்டில் ஏறி, இன்ன நாள், இன்ன இடம், இன்ன வார்த்தை என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி வழக்குகள் தோற்பதை நான் பார்த்தவரையில், பெரும்பாலும் காரணம் சட்டம் அல்ல. வீட்டுத் திண்ணையில் "நான் கேட்டேன், எங்கே வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றவர், சம்மன் வந்ததும் "எனக்கு எதுக்குங்க அவங்க வீட்டுப் பகை" என்று பின்வாங்கிவிடுவார். அதே தெருவில்தான் அவரும் காலம் முழுக்க வாழ வேண்டும், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் நீங்கள் தேட வேண்டியது கேட்டவர்களில் உறுதியான ஒருவரை. இரண்டு பேர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர்கள் கேட்ட வார்த்தைகளைப் பேச்சு வழக்கில் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "என் தங்கையின் நடத்தையைத் தவறாகப் பேசினார்" என்று நாகரிகமாக எழுதினால் பயன் இல்லை. கொச்சையாக இருந்தாலும் சொன்ன சொல்லே வேண்டும். சிவில் வழக்கின் பிராதிலும் குற்றப் புகாரிலும் அதுதான் இடம்பெற வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைப்பது அங்கேதான். தேதி, நேரம், தண்ணீர்க் குழாயடியா, கோயில் வாசலா, கூட இருந்தவர்கள் யார் என்பதையும் குறித்து வையுங்கள். நினைவு மாதக்கணக்கில் மங்கிவிடும்.

ஸ்டேஷனில் சொன்னது சரியா என்று கேட்டிருந்தீர்கள். அவதூறைப் பொறுத்தவரை சரிதான். இது போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவரே நடுவர் கோர்ட்டில் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். ஆனாலும் உங்கள் மனுவை வாங்கிக்கொண்டு மனு வந்ததற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்திருக்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் தேதியைக் காட்ட உதவும். நடந்ததில் வேறு ஏதாவது கலந்திருந்தால் கதை மாறும். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியிருந்தால் 296-ஆம் பிரிவு வரும். மிரட்டியிருந்தால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. படத்தை வெட்டி ஒட்டி ஆபாசமாகப் பரப்பியிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வரும். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்களாக இருந்து, பேசியவர் அப்படி இல்லாதவராக இருந்து, ஊரார் முன்னால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றில் போலீஸ் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லுக்கான 79-ஆம் பிரிவைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சொல் அந்தப் பெண்ணின் காதில் விழ வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசியிருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. முதுகுக்குப் பின்னால் பேசிய புறணிக்கு அது பொருந்துவது கஷ்டம். குழுவில் உங்கள் தங்கையும் உறுப்பினராக இருந்து, அவர் கேட்கட்டும் என்றே குரல் பதிவைப் போட்டிருந்தால் வாதாடிப் பார்க்கலாம்.

அடுத்து, யார் வழக்கு போடுவது? நீங்கள் "நான் போடுகிறேன், தங்கையை இதில் இழுக்க வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனாக உங்கள் மனம் புரிகிறது. ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர் என்பதில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகள் இந்த இடத்தில் முக்கியமானவை. 1971-இல் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மாநாட்டில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தைப் பத்திரிகைகள் திரித்து வெளியிட்டதாக மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் புகார் கொடுத்தார். மாநாடு என்பது வரையறுத்துச் சொல்லக்கூடிய அமைப்பு அல்ல, அவரைப் பாதிக்கப்பட்டவர் என்று கொள்ள முடியாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நடிகை குஷ்பு 2005-இல் கொடுத்த பேட்டிக்காகத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தொடுத்த வழக்குகளையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புகார்தாரர்கள் யாரும் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்கள் அல்ல என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. உங்கள் விஷயத்தில் நிலைமை அவ்வளவு தூரம் இல்லை. குடும்பத்தார் தொடுத்த புகார்களை ஏற்ற கோர்ட்டுகளும் உண்டு. புகார்தாரர் நோயாளியாகவோ சிறுமியாகவோ இருந்தாலும், வழக்கப்படி வெளியே வரக் கட்டாயப்படுத்தக் கூடாத பெண்ணாக இருந்தாலும், கோர்ட் அனுமதியோடு வேறொருவர் கொடுக்க இடமுண்டு. ஆனால் வேலைக்குப் போய்வரும் வயது வந்த ஒரு பெண்ணுக்காக அண்ணன் போடும் புகார் முதல் வாய்தாவிலேயே இந்த ஆட்சேபணையைச் சந்திக்கும். உங்கள் தங்கையே கையெழுத்துப் போடுவதுதான் உறுதியான வழி. போடலாமா வேண்டாமா என்ற முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

அந்த அம்மா என்ன சொல்லித் தப்பப் பார்ப்பார்? முதலில் சொல்வது, "நானா கட்டிச் சொன்னேன், கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன்." இது பதிலே அல்ல. அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவரும் சொன்னவர்தான். இரண்டாவது, "நான் சொன்னது உண்மை." இங்கே கவனமாகப் படியுங்கள். குற்ற வழக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். ஒரு தனிப்பட்ட பெண்ணின் வாழ்க்கையைக் குழாயடியில் பேசியதில் என்ன பொது நன்மை என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். இழப்பீடு கேட்டுப் போடும் சிவில் வழக்கில் மட்டும் உண்மை என்று நிரூபித்துவிட்டால் அத்தோடு வழக்கு முடிந்தது.

மூன்றாவது பதில்தான் உண்மையில் சிக்கலானது. "மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள், கேட்டார்கள், ஒரு குடும்பத்தின் நல்லதுக்காக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்" என்று அவர் சொல்லலாம். 356-ஆம் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரித்தால் அவதூறு ஆகாது என்பது அவற்றில் ஒன்று. வரன் விசாரிப்பது நம் ஊரில் வழக்கமாக நடப்பது, கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னவரைச் சட்டம் தண்டிக்க நினைக்கவில்லை. ஆனால் தக்க கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கொள்ள முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. யாரோ சொன்னதை விசாரித்துப் பார்க்காமல், உறுதியாகத் தெரிந்ததுபோல் சொன்னவருக்கு இந்த விதிவிலக்கு கிடைக்கக் கூடாது என்பது என் கருத்து. கூடவே, மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்குப் பதில் சொன்னது ஒரு நிகழ்வு, யாரும் கேட்காமல் தெருவில் நாலு பேரிடம் சொன்னது இன்னொரு நிகழ்வு. முதலாவதில் முடிவு எப்படிப் போகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இரண்டாவதில் விதிவிலக்குக்கு இடமே இல்லை. ஆகவே புகாரைத் தெருப்பேச்சின் மேல் கட்டுங்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவு உங்களுக்குக் கிடைத்த பெரிய பலம், ஏனென்றால் அது சம்மனைக் கண்டு பின்வாங்காது. அதைப் போட்டவர் தனியாக ஓர் எதிரி, அதாவது வழக்கில் குற்றம் சாட்டப்படுபவர். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய முகநூல் பதிவு ஒன்றைப் பகிர்ந்தவரின் முன்ஜாமீன் மனுவில், பகிர்வது என்பது அந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டு வழிமொழிவதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. முன்ஜாமீன் உத்தரவில் சொன்னது என்பதால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் கோர்ட்டுகள் போகும் திசை அதுதான். குழுவின் அட்மினையும் சேர்க்க வேண்டுமா என்றால், வேண்டாம். வெறும் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் சொல்லியிருக்கிறது. அவரைப் பகைக்காமல் இருந்தால் சாட்சியாகக்கூட வருவார். பதிவு வந்த போனை அப்படியே பத்திரமாக வையுங்கள். குழுவை விட்டு வெளியேறாதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், அதில் ஒரு பகுதியை நிபுணர் தர வேண்டும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் நல்ல ஆதாரம் வீணாகிப் போவதை அடிக்கடி பார்க்கிறோம். குரல் தன்னுடையது இல்லை என்று அவர் மறுத்தால் தடயவியல் ஒப்பீடு வரை போக நேரிடும். அதற்குக் காலம் பிடிக்கும்.

இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கைப் பற்றி: இங்கிலாந்தின் பழைய சட்டத்தில், வாயால் பேசிய அவதூறுக்குப் பண நஷ்டத்தைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். பெண்ணின் நடத்தையைப் பற்றிய பேச்சுக்கு அந்த நிபந்தனையை அங்கே 1891-இல்தான் தனிச் சட்டம் போட்டு நீக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கும் முன்பே, 1880-களில், பார்வதி எதிர் மன்னார் என்ற வழக்கில் இந்த நிபந்தனையை ஏற்கவில்லை. ஒரு பெண்ணை அவள் கணவனுக்கு முறையான மனைவி அல்ல, நடத்தை கெட்டுப் பல இடங்களில் துரத்தப்பட்டவள் என்று பேசியதற்கு, நஷ்டத்தை நிரூபிக்காமலே இழப்பீடு உண்டு என்று தீர்ப்பானது. நம் மண்ணில் ஒரு பெண் இப்படிப்பட்ட பேச்சால் என்ன இழப்பாள் என்பதை அந்த நீதிபதிகள் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் மனதுக்கு நிறைவு தரும் விஷயம். எல்லா மாநில உயர் நீதிமன்றங்களும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி சொன்னதில்லை, ஆனால் தமிழ்நாட்டில் வழக்கு போடுகிற உங்களுக்கு இந்தத் தீர்ப்பு துணை. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். கோபத்தில் ஐம்பது லட்சம் என்று போட்டால் முதலில் அழ வேண்டியது நீங்கள்தான். கல்யாணம் நின்ற நஷ்டத்தையும் கேட்கலாம், ஆனால் அதற்கு மாப்பிள்ளை வீட்டாரே வந்து "இதைக் கேட்டுத்தான் ஒதுங்கினோம்" என்று சொல்ல வேண்டும். அவர்கள் வருவார்கள் என்று நம்பி வழக்கைக் கட்டாதீர்கள்.

இதில் காலக்கெடு ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிவில் வழக்குக்குக் கெடு ஓர் ஆண்டு. குற்றப் புகாருக்கு மூன்று ஆண்டு. சமரசம் பேசிப் பேசி ஓராண்டைக் கடத்திவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய.

சரி, வழக்கு போட்டால் என்ன நடக்கும்? புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவுப்படி, கோர்ட் புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அதாவது தண்டனை எல்லாம் பிறகு, அந்த அம்மா கோர்ட் படியேறும் நாள் சீக்கிரமே வந்துவிடும். பல வழக்குகள் அந்த இடத்திலேயே மன்னிப்பில் முடிவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இது பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். அப்படி முடியாமல் விசாரணைக்குப் போனால், ஆண்டுக்கணக்கில் வாய்தா இழுக்கும். வாய்தாவுக்குப் புகார்தாரர் வராமல் இருந்தால் எதிரியை விடுதலை செய்யவே சட்டத்தில் இடமிருக்கிறது. உங்கள் தங்கை ஒவ்வொரு முறையும் லீவு போட்டு வர வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு "நான் சொன்னது உண்மை" என்று வாதாட முடிவு செய்தால், அவர் எங்கே தங்கியிருந்தார், யாரோடு பேசினார், போனில் யார் எண் இருந்தது என்று நிறைந்த கோர்ட்டில் கேட்பார்கள். வரம்பு மீறும் கேள்விகளை நடுவர் தடுக்கலாம், நல்ல நடுவர்கள் தடுக்கிறார்கள். எல்லா நாளும் அப்படி அமையும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்த பொய், கோர்ட் வராந்தாவில் இன்னும் ஐம்பது பேருக்குத் தெரியவரும். இதை எடைபோட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பயந்து விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டு துணிந்து நின்று, கடைசிவரை வந்து, தலை நிமிர்ந்து போன பெண்களும் இருக்கிறார்கள்.

இப்போது "ஊர் நம்பிவிட்டது" என்ற வரிக்கு வருகிறேன். மனிதர் எதையும் நம்புவார் என்பதால் மட்டும் ஊர் நம்புவதில்லை. வரன் விசாரிப்பு என்ற வழக்கம், ஒரு பெண்ணைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அதிகாரத்தைத் தெருவில் இருக்கும் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுகிறது. ஆணைப் பற்றி விசாரிக்கும்போது சம்பளம், குடிப்பழக்கம், கடன் என்று கேட்பார்கள். அவை பொய்யென்றால் ஒரு சம்பளச் சீட்டைக் காட்டி முடித்துவிடலாம். பெண்ணைப் பற்றிக் கேட்பது நடத்தை. அது பொய் என்று எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது? நிரூபிக்க முடியாததையே கேட்பதால், மொட்டைக் கடுதாசி போடுகிறவனுக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவருக்கும் செலவில்லாமல் ஒரு கல்யாணத்தைக் கலைக்கும் பலம் வந்துவிடுகிறது. வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பெண், சின்ன வயதில் கணவனை இழந்தவர், மகளிர் குழுவில் கணக்குப் பார்க்கும் பெண், இவர்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு அதிகம் வருகிறது. தன் காலில் நிற்கும் பெண்ணின் மேல் ஊருக்கு ஒரு கண் இருக்கிறது, அதுதான் இதற்கெல்லாம் வேர் என்பது என் எண்ணம். எந்தப் பிரிவைப் போட்டாலும் அந்தக் கண் மாறாது.

ஆனால் கேட்டவர்களிடம் போய்ச் சேர்வது முடியும். நான் முதலில் பரிந்துரைப்பது வக்கீல் நோட்டீஸ். அதில் பணத்தைப் பெரிதாகக் கேட்காதீர்கள். பேசிய அம்மாவிடமும் குரல் பதிவு போட்டவரிடமும் கேட்க வேண்டியது திருத்தம். அந்தத் திருத்தம் யார் காதில் பொய் விழுந்ததோ அவர்கள் காதில் விழ வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்ததற்கு மறுப்பும் அதே குழுவில், அதே ஆளின் குரலில் வர வேண்டும். தெருவில் சொன்னதற்கு அந்த நாலைந்து பேர் முன்னால், பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வாசகம் இப்படி இருந்தால் போதும்: "இன்னார் மகளைப் பற்றி நான் சொன்னது எனக்கு நேரில் தெரிந்ததல்ல, விசாரிக்காமல் சொன்னது, தவறு, திருப்பி வாங்கிக்கொள்கிறேன்." என்ன சொன்னார் என்பதை மன்னிப்பில் மறுபடி விவரிக்க விடாதீர்கள், அது இன்னொரு தடவை பரப்புவதாகிவிடும். "யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று எழுதிக் கொடுப்பார்கள், அதை ஏற்காதீர்கள், அதில் பொய் என்ற ஒப்புதலே இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்த மறுப்பின் நகல் போகட்டும். அவர்கள் திரும்பி வருவதற்காக அல்ல, அவர்களும் நாளைக்கு நாலு பேரிடம் காரணம் சொல்வார்கள் என்பதற்காக.

நோட்டீஸுக்கு அசையவில்லை என்றால், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்து எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் சமாதானம் செய்தால் நல்லது. அபராதம் போடுவது, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பது என்று போனால் அது கட்டப் பஞ்சாயத்து, சட்டவிரோதம், நீங்களும் அதில் மாட்டுவீர்கள். கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கலாமா என்றால், ஒரு காலத்தில் கோர்ட்டே அதை ஏற்றது. 1873-ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டப்படி, எதிராளி இன்னபடி சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியமே முடிவான சாட்சியமாக இருந்தது. 1969-இல் வந்த சட்டத்தில் அது இல்லை. இன்று அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. அந்த அம்மா சத்தியம் செய்ய மறுத்தால் ஊர் அதைக் கவனிக்கும் என்பது மெய். ஆனால் பேச்சு எந்த நேரமும் "அப்போ உன் பொண்ணு வந்து சத்தியம் பண்ணட்டும்" என்று திரும்பும். உங்கள் தங்கையை அந்த நிலைக்கு ஒருபோதும் ஆளாக்காதீர்கள். தன் கற்பை மெய்ப்பிக்கும் கடமை எந்தப் பெண்ணுக்கும் இல்லை, சட்டத்திலும் இல்லை. நிரூபிக்கும் பாரம் சொன்னவர் மேல்தான்.

குழுவில் நீங்கள் பதிலுக்கு எதுவும் போட்டுவிட வேண்டாம். அந்த வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அடுத்த புகாரில் நீங்கள் எதிரி, உங்கள் வழக்கும் பேரம் பேசும் பொருளாகிவிடும்.

இந்தச் சட்டத்தை வைத்திருக்கவே வேண்டுமா என்று உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர் கேட்டிருந்தார். அதற்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசியல்வாதிகளும் அரசுகளும் பத்திரிகைகளை அடக்க இதைப் பயன்படுத்தியது நாம் பார்த்ததே. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மேல் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகளை ரத்து செய்து, அரசு பொறுமை காக்க வேண்டும் என்று கண்டித்தது. இலங்கை 2002-இலேயே அவதூறைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே 2016-இல் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் இது செல்லும் என்றது, 2024-இல் சட்ட ஆணையமும் நீடிக்கட்டும் என்றது. பதவியில் இருப்பவர்கள் கையில் இந்தக் குற்றப் பிரிவு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உங்கள் தங்கை மாதிரி ஒருவருக்குச் சிவில் கோர்ட்டின் வேகத்தை மட்டும் கைகாட்டிவிட்டு, இதைப் பிடுங்குவதற்கும் என் மனம் ஒப்பவில்லை. சிவில் வழக்கை ஆறு மாதத்தில் முடித்து, திருத்தம் வெளியிட உத்தரவிடும் ஒரு வழி வந்தால் குற்றப் பிரிவை எடுத்துவிடலாம் என்பேன்.

உங்கள் தங்கை சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வழக்கைவிட இதை முதலில் பாருங்கள். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் யாரும் "நெருப்பில்லாமல் புகையுமா" என்ற தொனியில் ஒரு வார்த்தைகூடப் பேசிவிடக் கூடாது. வெளியாரின் பேச்சைத் தாங்கிவிடுகிறவர்கள் வீட்டாரின் சந்தேகத்தில் உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் கொஞ்சம் தெளிந்ததும், மேலே சொன்னதையெல்லாம், குறுக்கு விசாரணை உட்பட, மறைக்காமல் அவரிடம் சொல்லிவிட்டு அவர் விருப்பத்தைக் கேளுங்கள். வழக்கு வேண்டாம் என்றால் நோட்டீஸோடும் மறுப்போடும் நிறுத்திக்கொள்ளலாம். எழுதிவைத்த குறிப்பையும் அந்தப் போனையும் மட்டும் பத்திரப்படுத்துங்கள், ஓராண்டு முடியும் முன் அவர் மனம் மாறினால் தேவைப்படும்.